காலையில் பார்த்த தாள்

பார்சல் கம்பெனியின் மூன்றாவது மாடியில் அவளுக்கு ‘ஸ்கிரிப்ட் அக்கா’ என்றுதான் பெயர். கிளைகளின் பார்சல் விவரங்களைத் தலைமை அலுவலகத்தில் சேர்ப்பது பதினேழு வருஷமாக அவள் பொறுப்பு. அவள் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டுகள் என்னும் சின்னச் சின்ன நிரல்கள் கோப்புகளைச் சர்வரில் வைக்கும். கம்பெனி வாங்கிப்போட்ட டேட்டா டூல் என்ற மென்பொருள் அவற்றை எடுத்துத் தரவுத்தளத்தில் ஏற்றும். ஒரே அடுப்படி, ஆளுக்கொரு உப்பு டப்பா. சர்வர் பெயர் மாறினால் இருபத்துமூன்று ஸ்கிரிப்டுகளில் தனியாக, டூலில் தனியாகத் திருத்தவேண்டும். அலுத்துப்போய், போன மாதம்தான் இந்த விவரங்களையெல்லாம் ஒரே பொதுக் கோப்பில் எழுதி, இரண்டும் அதையே படிக்கும்படி செய்திருந்தாள். என்விரான்மென்ட் வேரியபிள் என்று பெரிய பெயர். விஷயம் என்னவோ சர்வர் இது, ஃபோல்டர் இது என்கிற பத்து வரிதான்.

இன்று புதிய சர்வருக்கு மாறினார்கள். பொதுக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினாள். ஸ்கிரிப்டுகள் சமர்த்தாகப் புதிய இடத்தில் கோப்புகளை வைத்தன. டூல் பழைய சர்வரிலேயே துழாவி, ‘கோப்பு இல்லை’ என்று ஒப்பாரி வைத்தது.

“ஒரே இடத்துல மாத்தினா போதும்னு சொன்னீங்களே மேடம்?” என்றார் மேனேஜர்.

“சொன்ன வாய்க்கு இன்னைக்கு நல்லா வேணும் சார்.”

“இது ஓடாம நாளைக்கு லீவு கிடையாது.”

நாளைக்கு மாமனாருக்குக் கண் ஆபரேஷன். புருஷன் கப்பலில் வேலையாக இருக்கிறான். கூடப் போக வேறு நாதியில்லை. அந்த வரியை எத்தனை தரம் பார்த்தாலும் சரியாகவே இருந்தது. அதுதான் எரிச்சல்.

பன்னிரண்டேகாலுக்கு வீட்டுக்குப் போன் செய்தாள்.

“மாமா, பன்னெண்டு மணி சொட்டு மருந்து போட்டீங்களா?”

“இன்னும் மணி ரெண்டாகலையேம்மா.”

“டாக்டர் நேரத்தை மாத்திட்டார்னு கிளம்பும்போது ஃபிரிட்ஜ்ல வேற தாள் ஒட்டினேனே! பார்க்கலையா?”

“காலைல எழுந்ததும் பார்த்தேன். மனசுல ஏத்திக்கிட்டேன். அடிக்கொரு தரம் போய் அதை நலம் விசாரிக்கணுமா? மாத்தினவ ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?”

“பஸ்ஸுக்கு ஓடினேன் மாமா!”

“கத்தாதே. மத்தியானம் தூங்கி எழுந்ததும் பார்க்கிறேன்.”

“தூங்கவெல்லாம் வேண்டாம், இப்பவே எழுந்து...” பாதியில் நிறுத்தினாள்.

‘எழுந்ததும் பார்த்தேன்.’ ஸ்கிரிப்டுகள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாகப் பிறந்து புதிதாகப் படிப்பவை. டூல் அப்படியா? போன மாதம் எழுந்தது, படித்தது, மனசில் ஏற்றிக்கொண்டது. அதற்கப்புறம் கண் மூடவேயில்லை.

“மாமா, முதல்ல சொட்டு மருந்தைப் போடுங்க!” போனை வைத்துவிட்டு எழுந்தாள்.

“சார், டூலை அஞ்சு நிமிஷம் நிறுத்தித் திரும்ப ஆரம்பிக்கணும்.”

“ஐயையோ, எல்லாக் கிளையும் நிக்குமே!”

“இப்ப மட்டும் ஓடுதா சார்?”

மேனேஜர் தலையாட்டினார். நிறுத்தி ஆரம்பித்ததும், காலையிலிருந்து ஒன்றுமே நடக்காததுபோலக் கோப்புகளை விழுங்கத் தொடங்கியது டூல். அறையலாம் போலிருந்தது அவளுக்கு. லீவுத் தாளில் கையெழுத்து வாங்கினாள். பொதுக் கோப்பின் தலையில், ‘இதைத் திருத்தினால் டூலை நிறுத்தி ஆரம்பிக்கவும்’ என்று எழுதிவைத்தாள்.

வீட்டுக்குப் போனால், மாமனார் ஃபிரிட்ஜுக்கு எதிரே நாற்காலி போட்டுத் தாளையே முறைத்துக்கொண்டிருந்தார்.

“பன்னெண்டரையிலேர்ந்து இங்கதான் இருக்கேன். இனி நீ எதை மாத்தினாலும் எனக்குத் தெரியாமப் போகாது. திருப்தியா?”

“நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கிளம்பணும் மாமா.”

“அதைத் தாள்ல எழுது,” என்றார்.