காட்டில் கிடைத்த பிரசாதம்

உகாண்டா காட்டில் மலைக் கொரில்லா பார்க்க மகன் கூட்டிப்போனபோது, என் பையைச் சுமந்து வந்தவர் அந்த ஊர்க்காரர் ஒருவர். நெடிய மனிதர். எதைக் கொடுத்தாலும், வாங்கினாலும் இடக்கையால் தன் வலது முழங்கையைத் தாங்கிக்கொள்வார். அது அந்த ஊர் மரியாதையாம்.

கொரில்லாக்கள் பக்கத்தில்தான் என்று தெரிந்ததும், ஸ்வெட்டருக்குள் நான் ஒளித்திருந்த வாழைப்பழத்தைப் பார்த்துக் கை நீட்டினார்.

“கொடுத்துடும்மா. நம்ம வியாதி அதுக்கு ஒட்டிக்கும், கேட்டோ,” என்றான் மகன்.

“அனுமார் வம்சம்டா! வெறுங்கையோட எப்படிப் போய் நிக்கறது?”

கொடுத்துவிட்டுத்தான் போனேன். இலை தின்றுகொண்டிருந்த கொரில்லாவைக் கண்குளிரப் பார்த்துக் கைகூப்பினேன். பழம் படைக்காதது மட்டும் மனசில் உறுத்தியது.

திரும்பி வந்தபோது, பைகளோடு அங்கேயே காத்திருந்தவர் அந்தப் பழத்தை அதே பணிவுடன் நீட்டினார். பிரசாதம்போல வாங்கி, பாதியை அவருக்கே கொடுத்தேன்.

இப்போதும் எங்கள் ஊர் வலியசாலைக் கோவிலில் பிரசாதம் வாங்கும்போது என் இடக்கை தானாக வலது முழங்கைக்குப் போய்விடுகிறது.