வேகாத கோட்டு

மார்கழிக் குளிர். லோத்குண்டாவில் எங்கள் வீட்டில் சோறு பாதி வெந்திருக்கும்போது சிலிண்டர் தீர்ந்துபோனது. கரண்டும் இல்லை. மகளுக்கு அன்றுதான் பேகம்பேட் ஆபீசில் முதல் நாள். வெறும் வயிற்றோடு அனுப்பிவிடுவேனோ என்று பதறினேன்.

பானையிலிருந்து கஞ்சி வாசனை எழுந்தது. சட்டென்று நான் வளர்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் நின்றேன்.

மண்ணெண்ணெயை வீணாக்குவது அம்மாவுக்குப் பாவம். சோறு பாதி வெந்ததும் ஸ்டவ்வை அணைத்துவிடுவாள். மூடிய பானையை அப்பாவின் கம்பளிக் கோட்டால் இறுகச் சுற்றி வைப்பாள். உள்ளே அடைபட்ட சூட்டிலேயே மிச்சமும் வெந்துவிடும்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பும் அப்பா நடுங்கிக்கொண்டே கேட்பார்: "கோட்டு எங்கடி?"

"இருங்க, இன்னும் வேகலை."

வெந்த பிறகு அதை மாட்டிக்கொண்டு, "ஹா" என்று கண்ணை மூடுவார். அன்று முழுக்க அவர்மேல் சோற்று வாசனைதான். கூட வேலை செய்தவர்கள், "க்யா பாய், தாவத்தா?" என்று, விருந்துக்குப் போய்வந்தவரைக் கேட்பதுபோல் கேலி செய்வார்களாம்.

கதவுக்குப் பின்னால் தொங்கிய மகளின் தடித்த ஜாக்கெட்டை இழுத்துப் பானையைச் சுற்றினேன்.

குளித்துவிட்டு வந்த மகள் வழக்கம்போலத் தெலுங்கில் கேட்டாள். "அம்மா, நா ஜாக்கெட் ஏதி?"

"இரு, இன்னும் வேகலை."

என்னை விநோதமாகப் பார்த்தாள். சற்று நேரம் கழித்து அவிழ்த்தேன். பருக்கை பருக்கையாய் வெந்திருந்தது. அப்பாடா! தயிரும் ஊறுகாயுமாய் நன்றாகச் சாப்பிட்டாள்.

ஜாக்கெட்டை மாட்டியவள் அப்படியே நின்றாள். பிறகு அபூர்வமாய்த் தமிழில் சொன்னாள்:

"கதகதன்னு இருக்கும்மா. நாளைக்கும் வேக வை."