பத்திரிகை அட்டைக் கனம்

தாஹிரா கட்டிய மோட்டார் காயில் எரிந்ததாக ராயபுரத்தில் யாரும் சொன்னதில்லை. கணவர் ஷாகுல் ஹமீதின் மோட்டார் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், கை சும்மா இருக்காமல் கம்பியைத் தொட்டாள். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. அசையாமல் நிற்கிற வெளிக்கூடு அவள் பொறுப்பு. அதன் உட்சுவர்ப் பள்ளங்களில் செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, இறக்கி வார்னிஷ் ஊற்றுவாள். உள்ளே சுழலும் ரோட்டர், பேரிங், மூடி எல்லாம் அவர் வேலை.

"நிக்கிறதுதான் சுத்துறத சுத்த வைக்குது," என்பாள். கரண்டு கூட்டுக்குத்தான் போகிறது. அங்கே காந்தம் வட்டமடிக்க, ரோட்டர் அதைத் துரத்தும், பிடிக்கவே பிடிக்காது. நடுவே மெல்லிய சந்து. அது சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பழைய நிக்காஹ் பத்திரிகை அட்டையை நறுக்கி வைத்திருந்தாள்.

2003 மே. மீன்பிடித் தடை முடிய இரண்டே நாள். ஐஸ் கம்பெனி மோட்டார் கருகி வந்தது. கடையின் முக்கால்வாசி வேலை அந்தக் கம்பெனியுடையது.

"பாய், இந்தவாட்டி சொதப்புச்சுன்னா மொதலாளி வேற கடைய பாத்துக்குவாரு," என்றார் அங்கே மேஸ்திரியான ஹென்றி.

"நாளான்னிக்கு ஓடும், போ நைனா."

காயில் முடிந்தது. பூட்டும்போதுதான் தெரிந்தது: மூடியில் பேரிங் உட்காரும் குழி தேய்ந்து லொடலொடத்தது. லேத்துப் பட்டறைக்கு அனுப்பினால் இன்னும் இரண்டு நாள் ஆகும். ஷாகுல் கூர் உளியை எடுத்தார். குழியின் சுவரில் புள்ளி புள்ளியாகக் குத்தினால் இரும்பு புடைத்துப் பேரிங்கைக் கவ்வும்.

"இது இன்னா வூட்டுத் தண்ணி மோட்டாராங்க? ராப்பகலா ஓடுறது, தாங்காது," என்றாள் தாஹிரா.

"வாக்கு குட்துட்டேன். புடி."

மூடியைப் பிடித்தது அவள்தான். பூட்டியபின் காற்றுத் துளை வழியே அட்டையை விட்டாள். மேலே தாராளம், அடியில் இறுகி வந்தது.

"கீழ புடிக்குதுங்க."

"வருதுல்ல? வுடு."

ஐந்தாம் நாள் மீன்பாடி வண்டியில் மோட்டார் திரும்பியது. "கத்துச்சு பாய், அப்பால பொகஞ்சிடுச்சு. ஐஸ் இல்லாம மீன்லாம் நாறிப்போச்சு," என்றார் ஹென்றி.

திறந்தார்கள். உளிப் புள்ளிகள் நசுங்கியிருந்தன. ரோட்டர் இறங்கிக் கூட்டின் அடியில் உரசியதில் இரும்பு பளபளத்தது. அதை ஒட்டியிருந்த காயில் கரி.

ஷாகுல் மூடியைக் கவிழ்த்து வைத்தார். "காயில் சரியா எறங்கல போல. பொம்பள கை."

ஹென்றி அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தால் ஷாகுலின் பேர் போகும். திறக்கவில்லை. ஐஸ் கம்பெனி வேலை எப்படியும் போனது. ஆறு மாதத்தில் கடையும்.

இப்போது மாதவரத்தில் ஒரு ஃபேன் கம்பெனியில் இருக்கிறாள். கூட்டில் காயில் இறக்குவதோடு சரி. ரோட்டர் போடுவது இரண்டு மேசை தள்ளி, வேறு யாரோ. ஓடுகிறதா என்று அவளுக்குத் தெரியாது.

ஷாகுல் யானைக்கவுனியில் பழைய மோட்டார் கடையில் சுமை தூக்குகிறார். தட்டின் முன்னால் உட்கார்ந்து, எப்போதாவது நிஜமாகவே கேட்பார்: "அன்னிக்கு அந்தக் காயில்ல இன்னாதான் தப்பு பண்ண?"

"சாப்புடுங்க. ஆறிடும்."