நான் சமப்படுத்திய பெத்தாங்க் மைதானம்

எங்கள் பெத்தாங்க் மைதானத்தை மைதானம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நீளம் முப்பத்தைந்து தப்படி, அகலம் பதினெட்டு. கிழக்கே ஒரு பள்ளிக்கூடத்தின் பின்சுவர், மேற்கே சாக்கடை, வடக்கே ஒரு வேப்பமரம், தெற்கே எங்கள் தெரு. ஒரு காலத்தில் துணிக்குச் சாயம் போடும் பட்டறை இருந்த இடம் என்பார்கள். பட்டறை போய் வெறும் தரை மிஞ்சியபோது, பிரெஞ்சு ராணுவத்திலிருந்து லீவில் வந்த சொல்தாக்கள், அதாவது எங்கள் ஊர்ச் சிப்பாய்கள், பையில் பெத்தாங்க் ஆடும் இரும்புக் குண்டுகளோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் ஆடினார்கள், மில் ஷிப்டு முடிந்து வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு இவர்களும் ஆடினார்கள். இவ்வளவுதான் வரலாறு. கல்வெட்டு எதுவும் கிடையாது.

ஆட்டம் லேசானதுதான். கொஷோனே என்கிற சின்ன மரக்குண்டை முதலில் எறிய வேண்டும். யாருடைய இரும்புக் குண்டு அதற்குப் பக்கத்தில் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. பதிமூன்று புள்ளி எடுத்தவர் ஜெயித்தவர். லேசில்லாதது எங்கள் தரை. நடுவில் ஒரு மேடு, அதற்கு ஒட்டகம் என்று பெயர். வடக்கே வேப்பமரத்தின் வேர் ஒன்று புடைத்துக்கொண்டு குறுக்கே ஓடும். தென்மேற்கில் பழைய சாயத்தொட்டியின் செங்கல் விளிம்பு தலைகாட்டும்; அதில் பட்ட குண்டு எங்கே போகும் என்று எறிந்தவனுக்கே தெரியாது. கொஷோனே எங்கே விழுந்தது என்று கேட்டால் யாரும் விரலை நீட்ட மாட்டோம். "ஒட்டகத்துக்கு அந்தாண்ட ரெண்டு முழம்", "தொட்டி ஓரமா, ஒரு ஜாண் உள்ள" என்றுதான் சொல்வோம். வாய்ப் பழக்கம்.

இந்தத் தரையில் என் மச்சானை அசைக்க முடியாது. மில்லில் ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். பிறகுதான் அவன் தங்கையைக் கட்டினேன். அதனால் வா, போ என்றுதான் பேச்சு. மில் மூடியபின் நான் ஆட்டோ ஓட்டினேன், அவன் ஒரு ஹார்டுவேர் கடைக்கு வேலைக்குப் போனான். ரெண்டு வருஷம் முன்னால் முட்டிவலி என்று அதையும் விட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மட்டும் விடவில்லை. அவன் குண்டு ஒட்டகத்தின் இடுப்பைச் சுற்றி இறங்கி, வேரில் சாய்ந்து, கொஷோனேவின் மடியில் போய் உட்காரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"தரை ஜெயிக்குது, நீ ஜெயிக்கல" என்பேன்.

"அப்போ தரைய சரி பண்ணிட்டு வா மாப்ள" என்பான்.

சரி பண்ணினேன். அவன் பத்து நாள் அரியாங்குப்பத்திலுள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்துத் தெருவில் கட்டட வேலைக்கு வந்திருந்த ஜேசிபிக்காரரைக் கெஞ்சி அழைத்து வந்தேன். மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் மச்சானைத் தோற்கடிப்பதுதான். ஒட்டகம் அரை மணி நேரத்தில் காலி. வேரை வெட்டினோம், செங்கல்லைப் பெயர்த்தோம், செம்மண் கொட்டி ரோலர் விட்டோம். தரை கேரம் போர்டு மாதிரி ஆனது. பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அந்த ஞாயிறு மச்சான் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கொஞ்ச நேரம் நின்றான். நான் கொஷோனேவை எறிந்தேன்.

"எங்க கிடக்கு?" என்றான்.

சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். சொல்வதற்கு ஒட்டகமும் இல்லை, வேரும் இல்லை. "தோ, அங்க தெரியுது பாரு" என்று விரலை நீட்டினேன். அவன் எறிந்த குண்டு மூன்றடி தள்ளிப் போனது. அடுத்ததும் அப்படியே. பதிமூன்றுக்கு சைபர். முப்பது வருஷத்தில் அவனை அப்படி யாரும் ஜெயித்ததில்லை. "என்னா மச்சான், ஒட்டகம் இல்லன்னா நீ ஆளே இல்லியா?" என்று தெருவே கேட்கும்படி சிரித்தேன்.

சைபரில் தோற்றவர் மறுநாள் காலை மைதானத்தைப் பெருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதை வேடிக்கை பார்க்கவே ஆறு மணிக்கு டீ கிளாசோடு போனேன். மச்சான் வெறுங்காலோடு பெருக்கிக்கொண்டிருந்தான். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினான். காலடியில் வேப்பிலைக் குவியல் கிடந்தது. அதை மிதித்துக்கொண்டே போனான். சுவர் வரை போய்க் கையால் தொட்டுத் திரும்பினான். உதடு அசைந்தது. தப்படி எண்ணிக்கொண்டிருந்தான். நான் நாலடி தூரத்தில் நிற்கிறேன், "யாரு?" என்றான்.

டீ கிளாசைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கிட்டே போனேன்.

"எத்தினி நாளா மச்சான்?"

"ரெண்டு வருஷமா. சக்கரை. கிட்டத்துல நெழலு மாதிரி தெரியும், தூரத்துல ஒண்ணுமில்ல. மக வூட்டுக்குன்னு சொல்லிட்டு கண்ணாஸ்பத்திரிக்குதான் போனேன். இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுன்ட்டாங்க."

"ரெண்டு வருஷமா எங்கள எப்பிடி ஜெயிச்ச?"

"நீங்கதான் எங்க கிடக்குன்னு ஒவ்வொரு வாட்டியும் சொல்றீங்களே."

எனக்கு அழுகை வந்தால் திட்டத்தான் வரும். நன்றாகத் திட்டினேன், அவனையும் என்னையும். பழையபடி மண் கொட்டி மேடு போட்டுத் தருகிறேன் என்றேன்.

"நீ ஒட்டகம் செஞ்சா கழுத மாதிரி இருக்கும். இந்தத் தரையும் ஒண்ணும் நேரா இல்ல. சுவத்துலேர்ந்து பன்னண்டாவது தப்படில மண்ணு மெத்துனு இருக்குது. அப்பால சாக்கடை பக்கம் சாயுது. இன்னும் நாலஞ்சு காலைல நடந்தா பிடிபட்டுடும். சும்மா நடந்தா ஏன்னு கேப்பாங்க. கையில துடைப்பம் இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க." துடைப்பத்தை உள்ளங்கையில் தட்டிச் சமன் செய்தான். "எனக்கு ஒரு புள்ளி கூட விட்டுடாத மாப்ள. சைபர்னாதான் துடைப்பம். யாருக்கும் சொல்லாத. உன் பொண்டாட்டிக்கும்தான்."

அடுத்த ஞாயிறு அவன் குண்டு ஒன்று எப்படியோ கொஷோனேவை உரசிக்கொண்டு போய் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் கடைசிக் குண்டை எடுத்து, நன்றாகக் குறி பார்த்து, அதை அடித்துச் சாக்கடை ஓரத்துக்கு அனுப்பினேன். பதிமூன்றுக்கு சைபர். அதற்கடுத்த ஞாயிறும் சைபர்தான்.

மூன்றாவது வாரம் தெருக்காரர்கள் யாரோ வீட்டில் சொல்லிவிட்டார்கள். "எங்க அண்ணனைத் துடைப்பத்தோட நிக்க வச்சு அழகு பாக்குறியா?" என்று கேட்டு, சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள் என் மனைவி. பத்து நாள் என்னோடு பேசவில்லை. அண்ணனையே போய்க் கேள் என்று கூட என்னால் சொல்ல முடியவில்லை.