ஸ்டெல்லாவின் கைராசி

பேய், மாடன் என்று யார் பேசினாலும் நான் நின்று கேட்டதில்லை. சுடுகாட்டை ஒட்டித்தான் எங்கள் வீடு. நீங்கள் நம்பவேண்டும் என்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நானும் குளச்சல் ஸ்டெல்லாவும் தற்காலிக வேலைக்காரிகள். கண்ணாடிச் சாமான் கழுவுவோம். அங்கே ஆராய்ச்சி செய்யும் சார் கலக்கித் தரும் புரதக் கரைசலைத் தட்டின் குழிகளில் சொட்டுச் சொட்டாக விடுவோம். அதில் படிகம் வளர நாள்கணக்காகும், வராமலும் போகும். அதற்காகச் சார் ஒரு தொட்டி வைத்திருந்தார். காதுக்குக் கேட்காத ஒலி அதன் தண்ணீரில் ஓடும். தட்டைக் கொஞ்சநேரம் அதில் மிதக்கவிட்டால் படிகம் சீக்கிரம் வந்துவிடும்.

ஆனால் ஸ்டெல்லா விட்ட தட்டில்தான் வரும். என் தட்டில் வெறும் கலங்கல். ஒரே கரைசல், ஒரே தொட்டி. அவ்வளவு படித்த சாரே, "அவளுக்குக் கைராசி உண்டு கேட்டியா" என்று என்னிடம் சிரித்தார். பிறகு தட்டெல்லாம் அவளுக்கே போனது. ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது, அதுவும் அவளுக்குத்தான் என்று பேச்சு. அவள் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவள் வரவில்லை. கொழுந்தன் கல்யாணம். சார் வேறு வழியில்லாமல் தட்டை என்னிடம் தந்தார். பட்டப்பகல். சொட்டு விட்டு, தட்டை மிதக்கவிட்டு, சுவிட்சைத் தொடுமுன் கரண்டு போய்விட்டது. அந்தக் கை எனக்கு இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

தண்ணீர் நடுங்கியது.

பிளக்கைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. விரலை விட்டேன், இயந்திரம் ஓடும்போது வருகிற அதே குறுகுறுப்பு. பிறகு தானாக அடங்கியது.

கரண்டு வந்ததும் சார் நுண்ணோக்கியில் பார்த்தார். எல்லாக் குழியிலும் படிகம். "ராஜம், ஒனக்கும் வந்தாச்சே" என்றார்.

மறுநாள் ஸ்டெல்லா வந்தாள். பந்தியில் சோறு பிசையும்போது இரண்டு கையும் நடுங்கிற்றாம், பிறகு மரத்துப்போயிற்றாம்.

"மரக்கட்ட மாதிரி கெடக்குட்டி. தொட்டா தெரியல்ல."

எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கே இரண்டு குடுவைகள் அவள் கையிலிருந்து நழுவி உடைந்தன. ஆஸ்பத்திரியில் நரம்பில் குறையில்லை என்றார்கள். அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், நிரந்தர இடம் எனக்கு வந்தது. இதுவரை என் தட்டு பொய்த்ததில்லை. ஆனால் சார் பாராட்டும்போது, பாராட்டுவது அவள் கையைத்தான் என்று தோன்றும். அப்போதும் வயிறு எரியும்.

போன மாதம் குளச்சல் சந்தைக்குப் போனேன். வாசலிலேயே என் உள்ளங்கை சுரீரென்று வலித்தது, பார்த்தேன், ஒன்றுமில்லை. உள்ளே ஸ்டெல்லா மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். கெளுத்தி முள் அவள் உள்ளங்கையில் ஏறி நின்றது, ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது, அவளோ யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தாள்.

"கையப் பாருட்டி" என்றேன்.

குனிந்து பார்த்தாள். "இது எப்பம் குத்திச்சு?" என்று என்னிடம் கேட்டாள்.

நான்தான் முள்ளைப் பிடுங்கினேன். அவள் முகம் அசையவில்லை. நான்தான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டேன்.