வனஜா கேட்டது ‘எங்க’வா, ‘ஏங்க’வா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் கதவைத் திறந்தால், கதவு நிலை உயரத்துக்கு ஒரு மனிதர் நிற்கிறார். கையில் சுருட்டிய பத்திரிகை. நான் தொடர்கதையும் இந்தப் பத்தியும் எழுதுகிற நம் பத்திரிகைதான். அவர் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி ஒரு பெண்.

பாராட்ட வருகிறவர்கள் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வருவதில்லை என்பது என் அனுபவம்.

“அந்த எண்ணூர்க் கதை எழுதறது நீதானே சார்?”

“நான்தான். உள்ளே வாங்க.”

“குந்தறதுக்கு வர்ல சார். ஒரே பேச்சு. அந்தப் பொண்ணு வனஜாவுக்கு அந்தப் பேமானி மேல இஷ்டம் கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு, நான் போய்கினே இருக்கேன்.”

தொடரைப் படிக்காத புண்ணியவான்களுக்காக இரண்டு வார்த்தை. தணிகாசலம் என் வில்லன். எண்ணூர்க் கழிமுகம் வழியாகக் கள்ளத் தங்கம் கடத்துகிறவன். வெளியே பார்த்தால் கப்பல் ஏஜெண்ட். அவனுடைய ஆபீசில் டைப்பிஸ்ட் வனஜா. அவன் யார் என்று தெரிந்தும் வேலையை விட முடியாமல் தவிக்கிறவள். அவளுடைய தம்பி அவன் படகில் வேலை பார்க்கிறான். இவள் வாயைத் திறந்தால் தம்பி கடலோடு போவான். ஆகவே, பல்லைக் கடித்துக்கொண்டு டைப் அடிக்கிறாள்.

வந்தவர் பெயர் அந்தோணி. துறைமுகத்தில் கப்பல் சரக்கை இறக்கும் வின்ச் ஓட்டுகிறார், கல்மண்டபத்தில் வீடு. கூட வந்தது மகள் பிலோமினா. ராயபுரத்தில், துறைமுகச் சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஆபீசில் டைப்பிஸ்ட். அவர்கள் தெருவிலிருந்து ஆபீசுக்குப் போகும் முதல் பெண் அவள்தான்.

இப்போது புரிகிறதா, பத்திரிகை ஏன் சுருண்டு வந்தது என்று?

அந்தோணிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு வாரம்கூட என் கதையை விட்டதில்லை. கல்மண்டபத்து டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிப்பாராம், சுற்றி உட்கார்ந்து துறைமுகத்து ஆட்கள் கேட்பார்களாம். போன இதழ் வந்த அன்று அந்த மகானுபாவர் ஒரு வரியைப் படித்தார். தணிகாசலம் கொட்டும் மழையில் எண்ணூருக்குக் கிளம்புகிறான். வனஜா தலையை நிமிர்த்திக் கேட்கிறாள்...

“ஏங்க, இந்த மழையில கிளம்பிட்டீங்க?”

அதுவரை ‘சார்’ என்ற வார்த்தையைத் தவிர வேறெதுவும் சொல்லாத பெண்! டீக்கடையே விசில் அடித்ததாம். படித்தவர் அந்த ‘ஏங்க’வை ஒரு முழம் இழுத்து, இரண்டாவது தடவையும் படித்தாராம்.

“அல்லாரும் என் மூஞ்சியப் பாக்கறாங்கோ சார். ‘இன்னா அந்தோணி, டைப்படிக்கிற பொண்ணுங்க அல்லாம் மொதலாளிய இப்டித்தான் கூப்புடுமா? உம் பொண்ணையும் கேட்டுப் பாரு’ன்றான் ஒருத்தன். அவன் சட்டையப் புட்ச்சிட்டேன். ஆனா எத்தினி பேரு சட்டையப் புடிக்க முடியும்? அதான், இவள வேலைக்குப் போவ வேணாம்னுட்டேன்.”

பிலோமினா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“அந்தோணி, நான் எழுதியது அது இல்லை” என்றேன். “நான் எழுதியது ‘எங்க’. அச்சில் ‘எ’வுக்குக் கீழே ஒரு கோடு விழுந்து ‘ஏ’ ஆகிவிட்டது. அவள் கேட்டது ‘எங்க, இந்த மழையில கிளம்பிட்டீங்க?’”

அவர் முகம் மாறியது.

“கெளம்பற ஆளப் பாத்தா ‘எங்க’ன்னு கேட்டா?”

“ஆமாம். வேணும்னேதான் கேட்டாள். எதிர்த்துப் பேச முடியாதவள். அவன் போகிற காரியம் விளங்கக் கூடாது என்றுதான் ‘எங்க’ன்னு கேட்டாள்.”

கும்பிடும் கோயில் வேறாக இருக்கலாம். ஆனால் கிளம்புகிறவரைப் பார்த்து ‘எங்கே’ என்று கேட்டால் போகிற காரியம் போச்சு என்பதில் கடற்கரையில் யாருக்கும் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. அந்தோணி மெதுவாகத் தலையாட்டினார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்தத் தைரியத்தில் வாயைக் கொடுத்தேன்.

“அப்படியே ‘ஏங்க’ன்னு கேட்டிருந்தாலும்தான் என்ன? பஸ் கண்டக்டரைக் கூட ‘ஏங்க’ன்னு கூப்பிடுகிறோம். அதில் என்ன காதல் இருக்கிறது?”

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “ஏங்க... வந்தவங்களுக்குக் காபி போடட்டுமா?”

அந்தோணி என்னையே பார்த்தார்.

“கேட்டுகினியா சார்?”

போகும்போது அவர் தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் போனார். “நீ எழுதினத அச்சுல போடு. அவளுக்கு அவன் மேல இஷ்டம் இல்லேன்னு டீக்கடைல படிக்கட்டும், அல்லாரும் கேக்கட்டும். இவ வேலைக்குப் போவா. இஷ்டம் கீதுன்னு வந்துச்சா, வூட்லயே கெடக்கட்டும்.”

ஆக, என் கற்பனை டைப்பிஸ்டின் மனதில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு நிஜ டைப்பிஸ்டின் வேலை. எழுத வந்த நாளில் இதையெல்லாம் யாராவது எனக்குச் சொன்னார்களா?

மறுநாள் பத்திரிகை ஆசிரியரிடம் ஓடினேன். தொடரில் ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஊரே அதைப் பத்திப் பேசுது. பாதிப் பேர் காதல்ங்கறான், பாதிப் பேர் இல்லேங்கறான். அது தப்பா விழுந்த கோடு இல்லைய்யா, தெய்வமாப் பார்த்துப் போட்ட கோடு. தொடரைத் தொடாதே. உன் பத்தியில என்ன வேணா எழுதிக்கோ.”

இந்த வாரத் தொடர் வேறு ஏற்கெனவே அச்சுக்குப் போயாகிவிட்டது. அதில் தணிகாசலம் முகத்துவாரத்தில் சேற்றில் மாட்டிக்கொண்டு கிடக்கிறான். வனஜா வரவே இல்லை.

சரி, பத்தியிலேயே எழுதிவிடலாம். ‘வனஜாவுக்குத் தணிகாசலத்தின் மேல் துளியும் பிரியம் இல்லை’ — ஒரு வரிதானே? பேனாவைத் திறந்தேன். எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி கேட்டாள்:

“நிஜமாவே இல்லையா?”

“இல்லை. அவள் அவனைச் சபிக்கிறாள்.”

“சபிக்கிறவ எதுக்கு மழையைப் பார்க்கிறா? ‘எங்க கிளம்பிட்டீங்க’ன்னு கேட்டாப் போதாதா? ‘இந்த மழையில’ன்னு ஒரு கரிசனம் எதுக்கு?”

பேனா அப்படியே நின்றது.

பழைய இதழ்களை எடுத்துப் புரட்டினேன். வில்லன் இருமுகிறான் — வனஜா எழுந்து போய்க் கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்துகிறாள். காகிதம் பறக்கிறது என்று சாத்தினாள் என நான் எழுதியிருக்கலாமே? எழுதவில்லை. ஊரையே ‘டேய்’ போட்டுக் கூப்பிடுகிற தணிகாசலம் அவளிடம் மட்டும் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. பயங்கரமான வில்லன் தணிந்து பேசினால் இன்னும் பயங்கரமாக இருக்குமே என்றுதான் அப்படி எழுதினேன். அதற்காகத்தான் எழுதினேனா? மழை நாளில் அவளை வீட்டில் கொண்டு விட்டு வரச் சொல்லி ஆள் அனுப்புகிறான். வேவு பார்க்கத்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் அப்படி எங்கேயும் எழுதவில்லையே.

இரண்டு பேரையும் உண்டாக்கியவன் நான். அவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியவில்லை!

தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதிவிடலாம், யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்றும் தோன்றியது. ஒரு பெண்ணின் வேலைக்காக ஒரு பொய். எத்தனையோ பொய்களை எழுதிக் காசு வாங்குகிறவன்தானே நான்? ஆனால் நாலு வாரம் கழித்து வனஜா தன் இஷ்டத்துக்கு ஏதாவது செய்து வைத்தால்? அப்போது பிலோமினா மறுபடியும் வீட்டில் உட்கார வேண்டியதுதானே? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண்ணையே பார்த்தேன். கையில் காய்கறிப் பை. ஆபீசுக்குப் போகிற நேரத்தில் காய்கறிப் பை. என்னைக் கண்டதும் கிட்டே வந்தாள்.

“எழுதிட்டீங்களா சார்?”

“எழுதணும்மா. ஆபீசில் என்ன சொல்கிறார்கள்?”

“திங்கக்கெழமைக்குள்ள வரலேன்னா வேற ஆளை உக்கார வச்சுடுவோம்னு சொல்லியனுப்பிட்டாங்க.”

அவளிடம் மறைக்கத் தோன்றவில்லை. வனஜா மனதில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை, இல்லையென்று எழுதிவிடட்டுமா என்று கேட்டேன்.

வந்து நின்ற பஸ்ஸில் அவள் ஏறவில்லை.

“இஷ்டம் இருந்தாத்தான் இன்னா சார்? அவன் கெட்டவன்னு தெரியும் அவளுக்கு. தெரிஞ்சும் வர்றா, வேலையச் செய்றா, தம்பியக் காப்பாத்தறா. மனசுல இன்னா கீதுன்னு நாலு பேரு டீக்கடைல குந்தி முடிவு பண்ணி, அப்பால அவள வேலைக்கு அனுப்புவாங்களா?” காய்கறிப் பையைக் கீழே வைத்தாள். “இல்லேன்னு எழுதிட்டீங்கன்னா நான் போவலாம் சார். ஆனா அப்புறம் ஒவ்வொரு வாரமும் நைனா கேட்டுகினே இருப்பாரு... இந்த வாரம் இன்னா ஆச்சுன்னு.”

நான் எதற்குப் பயந்தேனோ அதற்கேதான் அவளும் பயந்தாள். ஆனால் நான் என் கதைக்காகப் பயந்தேன். அவளுக்கு அது பிழைப்பு.

அதனால் பொய் எழுதவில்லை. அந்தோணி, இது உங்களுக்கு. டீக்கடையில் படிக்கிற நண்பர் தயவு செய்து நிறுத்தி நிதானமாகப் படிக்கட்டும்.

வனஜாவுக்குத் தணிகாசலத்தின் மேல் இஷ்டமா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு அவள் மேல் இஷ்டமா என்பதும் தெரியாது. அதை மட்டும் ஏனோ நீங்கள் யாருமே கேட்கவில்லை. போகட்டும். இத்தனை வருஷமாக வின்ச் ஓட்டுகிறீர்களே, மேஸ்திரி மேல் உங்களுக்குப் பிரியமா, கோபமா என்று யாராவது கேட்டுவிட்டா உங்களை உள்ளே விடுகிறார்கள்? பெட்டி பத்திரமாக இறங்குகிறதா என்றுதானே பார்க்கிறார்கள்? உங்கள் மகளின் டைப்பில் பிழை இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.

வனஜாவின் மனசை நான் பார்த்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை காலை நீங்கள் பிலோமினாவை ஆபீசுக்கு அனுப்புங்கள்.