சிவப்பு எரிந்தால்

திருத்துறைப்பூண்டி சாலையில் செல்வி ஓட்டும் பிக்கப்பில் போகிறேன். பின்னால் அவர் வயலில் இன்று அறுத்த நெல் மூட்டைகள், மேலே கறுத்துவரும் வானம். வழியெல்லாம் டேஷ்போர்டில் எரிந்த மஞ்சள் விளக்கை அவர் பொருட்படுத்தவில்லை. இப்போது இன்ஜின் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது. உடனே ஓரங்கட்டி நிறுத்துகிறார்.

“மழை வந்துடுமேங்க. நெல்லு நனையாதா?”

“நனைஞ்சா காய வச்சுக்கலாங்க. மஞ்சள்னா வீட்டுக்குப் போய்ப் பாக்கலாம், சிவப்புன்னா நின்னுடணும். இன்ஜின் போச்சுன்னா என்ன பண்றது?”

காலையிலிருந்து வயலில் அறுவடை மெஷினை ஒட்டியே நின்ற வண்டி. ரேடியேட்டர் முழுக்க வைக்கோல் தூசி. பானெட்டைத் திறந்து, வண்டியில் கிடந்த விளக்குமாற்றால் அதைத் தட்டுகிறார்.

முதல் துளி ரேடியேட்டரில் விழுந்து சுர்ரென்று ஆவியாகிறது.

“இன்னும் சூடு அடங்கல” என்கிறார், மூட்டைகள் பக்கம் திரும்பாமலே.